மரக்கரண்டியா, பிளாஸ்டிக் கரண்டியா? சூடும் ஈரமும் கத்தியும் சொல்லும் விடை

கரண்டி, திருப்பி, வெட்டுப்பலகை போன்ற சமையலறைக் கருவிகளைப் புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, மரம் நல்லதா பிளாஸ்டிக் நல்லதா என்பதைத்தான். மரத்தில் கிருமி தங்கும் என்று சொல்லி ஒரு காலத்தில் பலர் அதை ஒதுக்கினார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள் கசியும் என்று சொல்லி இப்போது பலர் அதை ஒதுக்குகிறார்கள். இரண்டு கூற்றுகளிலும் உண்மை ஓரளவு இருக்கிறது. ஆனால் எந்தக் கருவி, எந்த வேலையில், எவ்வளவு நேரம் என்ற விவரங்களைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த உண்மையை வைத்து நாம் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது, அது எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும், எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடக்கும், அதன்மேல் கத்தி படுமா என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால், அது எந்தப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளை ஒட்டியே செல்கிறது.

பொருளின் உள்ளமைப்பு

மரம் ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரைக் கொண்டுசென்ற உயிருள்ள உடல். அந்த வேலைக்காக அமைந்த நுண்குழாய்கள், மரம் வெட்டப்பட்டுக் கரண்டியான பிறகும் அதனுள் அப்படியே இருக்கின்றன. செல்லுலோஸ் இழைகளால் ஆன அக்குழாய்களை லிக்னின் என்னும் இயற்கைப் பிசின் ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்து வைத்திருக்கிறது. மரம் தண்ணீரை உறிஞ்சுவதும், காற்று உலர்ந்திருந்தால் அதைத் திரும்ப வெளியே விடுவதும் இந்த அமைப்பினால்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸும் உள்ள ஓர் அறையில் விடப்பட்ட மரத்துண்டு, எவ்வளவு நனைந்திருந்தாலும் எவ்வளவு காய்ந்திருந்தாலும், காலப்போக்கில் தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். மரக்கருவிகளின் நன்மைகளில் பலவும் தொல்லைகளில் பலவும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறப்பவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எளிதாகப் புரியும்.

பிளாஸ்டிக்கில் குழாயும் இல்லை, நாரும் இல்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெருங்கிப் பின்னிக் கிடக்கும் திண்மம் அது. தண்ணீர் பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆனால் பிளாஸ்டிக் என்ற ஒரே பெயரில் நாம் அழைக்கும் பொருள்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. வெட்டுப்பலகைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனாலும் பாலிபுரொப்பிலீனாலும் செய்யப்படுகின்றன. அடுப்பில் பயன்படும் திருப்பிகளும் கரண்டிகளும் பெரும்பாலும் நைலானால் ஆனவை. கடினமாகவும் பளபளப்பாகவும் பீங்கானைப் போலத் தோன்றும் தட்டுகளும் பரிமாறும் கரண்டிகளும் பல சமயங்களில் மெலமைன் பிசினால் வார்க்கப்பட்டவை. வளைந்து கொடுக்கும் சிலிகோனையும் பலர் இவற்றோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற பிளாஸ்டிக்குகளின் முதுகெலும்பு பெரும்பாலும் கார்பனால் அமைந்திருக்க, சிலிகோனில் அந்த இடத்தில் சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைகின்றன. அதனால் அது சூட்டைத் தாங்கும் விதமும் வேறு. ஆகவே "பிளாஸ்டிக் கரண்டி" என்று மட்டும் சொன்னால், அது எந்தச் சூட்டுக்கு ஏற்றது என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாததற்குச் சமம்.

அடுப்பின் அருகில்

கொதிக்கும் தண்ணீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். பொரிப்பதற்காகக் காய்ச்சிய எண்ணெய் பொதுவாக 160 முதல் 190 டிகிரி வரை இருக்கும். ஒன்றும் ஊற்றாமல் அடுப்பில் விடப்பட்ட மெல்லிய வாணலி சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். இவற்றுக்கு எதிரே பிளாஸ்டிக்குகள் உருகும் வெப்பநிலைகளை வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டுப்பலகைக்குப் பயன்படும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் 130 டிகிரி அளவிலேயே உருகிவிடும். பாலிபுரொப்பிலீன் 160 முதல் 170 டிகிரி வரையில் உருகும். நைலானில் ஒரு வகை 220 டிகிரியிலும் மற்றொரு வகை 260 டிகிரியிலும் உருகும். பாலிபுரொப்பிலீன் கரண்டியைக் காய்ந்த எண்ணெயில் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

உருகும் நிலையை மட்டும் எல்லையாகக் கொண்டால் போதாது. நைலானை உற்பத்தி செய்யும்போது, நீண்ட சங்கிலிகளாகச் சேராமல் நின்றுவிட்ட சிறு துண்டுகள் அதனுள் எஞ்சியிருக்கின்றன. ஒலிகோமர்கள் எனப்படும் இவை சூடான உணவில் மெல்ல இடம்பெயரக்கூடியவை. ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதைக் குறித்து அறிவுரை வெளியிட்டது. நைலான் உள்ளிட்ட பாலிஅமைடுக் கருவிகள், 70 டிகிரிக்கு மேல் சூடான உணவோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இத்துண்டுகள் மிகுந்த அளவில் உடலில் சேர்ந்தால் கல்லீரலையும் தைராய்டையும் பாதிக்கக்கூடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மெலமைன் உருகுவதே இல்லை என்பதால் அது சூட்டுக்கு ஏற்றது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியன்று. மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவான அந்தப் பிசின், மிகுந்த சூட்டில் மீண்டும் அவ்விரண்டையும் வெளிவிடத் தொடங்குகிறது. அதனால் மெலமைன் பாத்திரங்களிலும் கரண்டிகளிலும் 70 டிகிரிக்கு மேல் சமைக்கவோ மைக்ரோவேவ் அடுப்பில் அவற்றைச் சூடேற்றவோ கூடாது என்று அதே நிறுவனம் எச்சரித்திருக்கிறது. மெலமைன் கரண்டியின் இடம் பரிமாறும் மேசைதான், அடுப்பன்று.

நைலான் திருப்பியை அறவே தொடக்கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரு முறை திருப்பிவிட்டு வெளியே எடுத்து வைப்பது வேறு, கொதிக்கும் பாத்திரத்திலேயே அதைச் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது வேறு. பின்னதில் இரண்டு கேடுகள் சேர்ந்து வருகின்றன. நேரம் நீள்வது ஒன்று. தண்ணீர் உள்ள உணவு 100 டிகிரியை ஒட்டியே நின்றாலும், அடுப்பின் சூட்டை நேரடியாக வாங்கும் பாத்திரத்தின் அடித்தகடு, அதிலும் உணவு படாத ஓரப்பகுதி, அதைவிட மிகுதியாகச் சூடேறியிருப்பதும், சாய்த்து வைத்த கருவி சரியாக அந்த இடங்களில்தான் உரசிக்கொண்டிருப்பதும் மற்றொன்று. நைலான் திருப்பிகளின் முனை கறுத்து, வளைந்து, சிறு சிறு துணுக்குகளாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுவே காரணம். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் கைப்பிடி குளிர்ந்தே இருக்கும். முனை உருகிக்கொண்டிருப்பதைக் கை உணர்ந்து எச்சரிக்கும் வாய்ப்பும் அங்கு இல்லை.

மரமும் சூட்டை எளிதில் கடத்தாது. மர நாரின் குறுக்கே பாயும் சூட்டைவிட, துருப்பிடிக்காத எஃகின் வழியே பாயும் சூடு ஏறக்குறைய நூறு மடங்கு மிகுதி. ஆனால் மரம் உருகுவதில்லை. 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் பழுத்துக் கருகும், தீ நேரடியாகப் பட்டால் எரியும். கருகிய இடம் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். பாத்திரத்திலேயே சாய்த்து வைத்த மரக்கரண்டி கொஞ்சம் உப்பி, உணவின் நிறத்தையும் மணத்தையும் ஏற்றுக்கொள்ளும். மற்றபடி பெரிய தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. நீண்ட நேரம் கிளறுவதற்கும், அடிப்பிடிக்காமல் சுரண்டுவதற்கும், காய்ந்த எண்ணெயில் புரட்டுவதற்கும் என்னைக் கேட்டால் தயக்கமின்றி மரத்தையே சொல்வேன். நான்ஸ்டிக் பூச்சைக் கீறாமல் இருப்பதில் மரமும் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ஒதுக்க வேண்டியது உலோகத்தை.

மரத்தால் செய்ய முடியாத ஒரு வேலையும் அடுப்பருகே இருக்கிறது. மெல்லிய பண்டத்தின் அடியில் நுழைந்து அதைக் கிழியாமல் எடுக்க, முனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகவும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். மரத்தை அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கினால் அது உடைந்துவிடும். அந்த இடத்தில் நைலானோ சிலிகோனோ பயன்படட்டும், ஆனால் வேலை முடிந்தவுடன் அதைப் பாத்திரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் பற்றிய அச்சம்

2024-ஆம் ஆண்டின் இறுதியில் கறுப்பு நிறச் சமையலறைக் கருவிகளைக் குறித்து ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. தொலைக்காட்சி போன்ற மின்னணுச் சாதனங்களின் உறைகளில் தீப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் புரோமின் கலந்த வேதிப்பொருள்கள், மறுசுழற்சியின் வழியாகக் கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டிகளுக்குள்ளும் வந்திருக்கின்றன என்பதை ஓர் ஆய்வு காட்டியது. கெமோஸ்பியர் என்னும் ஆய்விதழில் வந்த அக்கட்டுரையில், ஒருவர் உடலில் சேரக்கூடிய அளவு, பாதுகாப்பு வரம்பை நெருங்குகிறது என்று முதலில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஒரு பெருக்கல் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 7,000 நானோகிராம் என்னும் வரம்பை, 60 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் கணக்கிட்டால் 4,20,000 என்று வர வேண்டும். கட்டுரையில் 42,000 என்று இருந்தது. மதிப்பிடப்பட்ட அளவு ஏறக்குறைய 34,700 நானோகிராம் என்பதால், அது வரம்பை நெருங்கவில்லை, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வெளியானது.

இந்த நிகழ்வை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண் பிழையானது என்பதால் செய்தி முழுவதும் பொய் என்று சிலர் தள்ளிவிட்டார்கள், அதுவும் தவறு. உணவைத் தொடும் கருவியில் இருக்கவே கூடாத பொருள்கள் அங்கே இருந்தன என்னும் கண்டுபிடிப்பு மாறவில்லை. கறுப்பு நிறத்தில் இது மிகுதியாக நேர்வதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய மின்னணுச் சாதனங்களின் உறைகளில் பல கறுப்பாக இருப்பதால் அவற்றை உருக்கி மீண்டும் கறுப்புப் பொருளாக வார்ப்பது எளிது. அதோடு, கரித்தூள் நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால், அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு பிளாஸ்டிக் வகைகளைப் பிரிக்கும் இயந்திரங்களால் கறுப்புத் துண்டுகளைச் சரிவர அடையாளம் காண முடிவதில்லை. ஆகவே கைவசம் உள்ள கறுப்புக் கரண்டியைக் கண்டு அலற வேண்டியதில்லை. அடுத்த முறை வாங்கும்போது, அடுப்பில் பயன்படும் கருவி கறுப்புப் பிளாஸ்டிக்காக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெட்டுப்பலகையும் கிருமிகளும்

மரப்பலகையில் கிருமிகள் ஒளிந்து பெருகும், பிளாஸ்டிக் பலகையே தூய்மையானது என்னும் எண்ணம் நெடுங்காலமாகப் பரவியிருந்தது. நுண்துளை உள்ள பொருளைவிடத் துளையற்ற பொருளைக் கழுவுவது எளிது என்பது கேட்கும்போதே நியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டீன் கிளிவர் என்னும் நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் இதே எண்ணத்தோடுதான், மரப்பலகையைப் பிளாஸ்டிக் அளவுக்குத் தூய்மையாக்கும் வழியைத் தேடத் தொடங்கினார்கள். 1994-இல் வெளியான அவர்களுடைய முடிவுகள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ. கோலை ஆகிய கிருமிகளைப் பலகைகளின்மேல் விட்டுப் பார்த்தபோது, மரத்தின் மேற்பரப்பிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பது விரைவிலேயே கடினமாகிவிட்டது. புதிய பிளாஸ்டிக் பலகையை எளிதாகத் தூய்மைப்படுத்த முடிந்தது. ஆனால் கத்தித் தழும்புகள் நிறைந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவித் தூய்மையாக்குவது, குறிப்பாக அதில் கோழிக் கொழுப்பு படிந்திருந்தபோது, மிகவும் கடினமாக இருந்தது.

இதற்கான காரணம் மேலே சொன்ன நுண்குழாய்களில் இருக்கிறது. மரத்தின்மேல் விழுந்த ஈரத்தை அக்குழாய்கள் உள்ளே இழுக்கும்போது, அந்த ஈரத்தில் மிதக்கும் கிருமிகளும் உடன் இழுக்கப்படுகின்றன. மரம் காயும்போது உள்ளே போன கிருமிகளுக்கு ஈரம் கிடைப்பதில்லை. அவை பெருகாமல் சிறிது சிறிதாக மடிகின்றன. பலகையைப் பிளந்து பார்த்தால் மட்டுமே உள்ளே உயிரோடு எஞ்சிய சிலவற்றைக் காண முடிந்தது. பிளாஸ்டிக்கில் கத்தி உழுத பள்ளம் வேறு விதமானது. அதன் விளிம்புகள் பிசிறாக எழுந்து நிற்கும், பள்ளத்தின் அடியில் ஈரமும் கொழுப்பும் தங்கும், உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. கழுவும் நாரும் அந்த ஆழத்துக்கு எட்டுவதில்லை.

இதை வைத்து மரமே கிருமிநாசினி என்று சொல்லிவிடுவது மிகை. இவ்வளவும் மரம் நன்கு காய்ந்தால்தான் பொருந்தும். நாள் முழுவதும் நனைந்தே கிடக்கும் மரப்பலகை இந்த நன்மையை இழந்துவிடும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சையும் பிடிக்கும். பிளாஸ்டிக் பலகைக்கு மறுக்க முடியாத ஒரு வசதி இருக்கிறது: வெந்நீரில் இயங்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அதைப் போட முடியும், மரத்தைப் போட முடியாது. ஆகவே பச்சை இறைச்சியும் மீனும் கோழியும் வெட்டும் வீடுகளில், அதற்கென்று தனியாக ஒரு பலகையை, இயந்திரம் இருந்தால் பிளாஸ்டிக் பலகையை, வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு மரப்பலகையையும் துளையற்ற பலகையையும் இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, சமைக்காமல் உண்ணும் பொருள்களுக்கு மற்றொரு பலகை என்று பிரித்து வைக்க வலியுறுத்துகிறது. பலகை எதனால் ஆனது என்பதைவிட இந்தப் பிரிவினை நம்மை அதிகமாகக் காக்கிறது.

கிருமிநீக்கம் செய்ய விரும்புவோர், சுமார் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 மில்லிலிட்டர், மணமூட்டாத திரவக் குளோரின் பிளீச்சைக் கலந்து, சோப்பினால் முன்பே கழுவிய பலகையின்மேல் சில நிமிடங்கள் நிற்கவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். பிளீச்சோடு வினிகரையோ வேறு தூய்மைத் திரவங்களையோ எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது. நச்சுக் காற்று உண்டாகும்.

கத்தி பிளாஸ்டிக்கை உழும்போது வேறொன்றும் நடக்கிறது: நுண்ணிய துகள்கள் பெயர்ந்து உணவில் சேர்கின்றன. பிளாஸ்டிக் வெட்டுப்பலகைகள் நுண்பிளாஸ்டிக்கின் கவனிக்கப்படாத ஊற்று என்பதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மரப்பலகையும் துகள்களை உதிர்க்கிறது. ஆனால் அவை செல்லுலோஸும் லிக்னினும், நாம் உண்ணும் காய்கறிகளின் நாரில் இருக்கும் அதே வகைப் பொருள்கள். நுண்பிளாஸ்டிக் உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாள்தோறும் காய்களையும் கனிகளையும் நறுக்கும் பலகைக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நல்ல மரத்தை அடையாளம் காண்பது

மரக்கருவி வாங்குவோர் பெரும்பாலும் வழுவழுப்பையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நாரோட்டத்தை. பச்சை மரம் முற்றிலும் காயும்போது நாரின் நீளவாக்கில் அது சுருங்குவது 0.1 முதல் 0.2 சதவீதம் மட்டுமே. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ பல மரங்கள் 6 முதல் 12 சதவீதம் வரை சுருங்குகின்றன. ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் இதே சமனின்மை சிறிய அளவில் நிகழ்கிறது. கரண்டிகள் எப்போதும் நாரை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பதும், பலகைகள் படகுபோல் வளைவதும் இதன் விளைவுகள். ஆகவே கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேகைகள் கைப்பிடியின் தொடக்கம் முதல் கரண்டியின் முனை வரை நீளமாக ஓடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் ரேகைகள் குறுக்கே வெட்டிச் சென்றால் அழுத்திக் கிளறும்போது அந்த இடத்தில் முறியும். கணு உள்ள துண்டையும், பல துண்டுகளை ஒட்டிச் செய்த கரண்டியையும் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது கடினம். மரத்தின் கடினத்தை அளக்க ஜாங்கா சோதனை என்று ஒன்று இருக்கிறது, 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன் பாதி அளவுக்கு மரத்தில் புதைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை அது கணக்கிடுகிறது. கெட்டி மேப்பிளுக்கு 1,450 பவுண்டு விசை தேவைப்படுகிறது, வெள்ளைப் பைனுக்கு 380 போதும். மேப்பிள், பீச், தேக்கு, வால்நட், ஆலிவ் ஆகியவை கருவிகளுக்கு ஏற்ற மரங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதித்தொகுப்பு, உணவகங்களில் உணவு படும் இடங்களுக்கு மரத்தைப் பொதுவாக விலக்கினாலும், கெட்டி மேப்பிளுக்கும் அதற்கு ஒப்பான நெருங்கிய நாருள்ள மரங்களுக்கும் வெட்டுப்பலகை, உருட்டுக்கட்டை முதலியவற்றில் இடம் கொடுத்திருக்கிறது. கண்ணால் பார்க்கும் அளவுக்குப் பெரிய துளைகள் உள்ள மரம் உணவுத் துணுக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெட்டுப்பலகைகளில் மரத்தின் குறுக்குவெட்டு முகம் மேலே இருக்குமாறு சிறு கட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்தவையும் உண்டு. அவற்றில் கத்தி நார்களை வெட்டாமல் அவற்றின் இடையே புகுந்து வெளிவருவதால் தழும்பு குறைவாகவே தெரியும், கத்தியின் கூரும் நீடிக்கும். அதற்கு ஈடாக, குழாய்களின் வாய்கள் நேரே மேல்நோக்கித் திறந்திருப்பதால், இத்தகைய பலகை தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், அடிக்கடி எண்ணெயும் கேட்கும்.

மூங்கிலைப் பற்றி ஒரு சொல். உள்ளே வைரம், அதாவது கெட்டியான பகுதி, கொண்டதை மரம் என்றும் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் பழைய தமிழ் இலக்கணம் பிரித்தது. தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே வைக்கிறது. ஒரே துண்டாகச் சீவிய மூங்கில் கரண்டி எடை குறைந்த நல்ல கருவி. மூங்கில் பலகையோ மெல்லிய பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்படுவது. அதிலுள்ள சிலிக்கா கத்தியின் கூரையும் சீக்கிரம் மழுக்கும். "மூங்கில் நார்" என்ற பெயரில் விற்கப்படும் வார்ப்புக் கோப்பைகளும் தட்டுகளும் வேறு வகை: பல சமயங்களில் அவை மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்துச் செய்தவை. ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய கலப்பை உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்கவில்லை. 2021-இல் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கையும் எடுத்தது. பெயரைப் பார்த்து மரக்கருவியென்று நினைத்து வாங்கிவிடக்கூடாது.

கழுவுதலும் எண்ணெயிடுதலும்

மரக்கருவியைப் பயன்படுத்தியவுடன் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கையால் கழுவி, துடைத்து, காற்று எல்லாப் பக்கமும் படுமாறு நிறுத்தி வைக்க வேண்டும். பலகையைப் படுக்க வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். தண்ணீரில் ஊறப்போடுவதும் கழுவும் இயந்திரத்தில் போடுவதும் மரத்தை உப்பச் செய்து, பிறகு வேகமாகச் சுருங்கச் செய்து, வெடிக்க வைக்கும்.

புதிய மரக்கரண்டி முதல் சில கழுவல்களில் சொரசொரப்பாக மாறுவதைக் கண்டு தரமற்றது என்று எண்ணிவிட வேண்டாம். அறுபட்ட நார்நுனிகள் ஈரத்தில் நிமிர்ந்து நிற்பதால்தான் அப்படி ஆகிறது. நன்கு காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்துவிட்டால் அது மீண்டும் வருவது குறையும்.

எண்ணெயிடுவதன் நோக்கம், குழாய்களில் தண்ணீர் புகும் வேகத்தைக் குறைப்பது. இதற்கு உணவுத் தரக் கனிம எண்ணெயோ, அதோடு தேன்மெழுகு கலந்த பூச்சோ பயன்படுகிறது. கனிம எண்ணெய் காற்றோடு வினைபுரிவதில்லை, கெட்டுப்போவதும் இல்லை. ஆளிவிதை எண்ணெயும் வால்நட் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுபவை. அவற்றையும் பயன்படுத்தலாம், ஆனால் முழுவதும் இறுகுவதற்குப் பல நாள்கள் விட வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் உலோக உலர்த்திகள் சேர்க்காததையே வாங்க வேண்டும். இறுகவும் செய்யாமல் கெடவும் செய்யும் சாதாரணச் சமையல் எண்ணெய்கள் சில வாரங்களில் காறல் வாடையைக் கொடுத்துவிடும். மேலே பளபளக்கும் வார்னிஷ் பூசிய கரண்டி, அடுப்புக்கு உரியதன்று. பூச்சு சூட்டில் வெடித்து உரியும்.

பிளாஸ்டிக் வாங்கும்போது

பிளாஸ்டிக் கருவியின் அடியில் எந்த வகை என்பதும் தாங்கும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கோணக் குறிக்குள் 2 என்றிருந்தால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி, உணவோடு தொடர்பு கொள்வதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. வகையும் வெப்பநிலையும் ஒன்றுமே குறிக்கப்படாத கருவியைச் சூடான வேலைக்கு வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அளவுக்கரண்டிகள், மாவு அள்ளும் குவளைகள், குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் பெட்டிகளில் பயன்படும் கரண்டிகள் ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிக் மிகவும் பொருத்தமானது. அங்கே சூடும் இல்லை, கத்தியும் இல்லை. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் எண்ணெயோடு நட்பானவை என்பதால், எண்ணெயில் கரையும் தக்காளி நிறம் போன்றவை அவற்றில் ஏறி நிற்கும். அந்தக் கறை கெடுதியன்று, ஆனால் எண்ணெய்ப் படலம் அதோடு சேர்ந்து தங்கினால் வாடை வரும். வெந்நீரும் சோப்பும் கொண்டு உடனே கழுவுவதுதான் அதற்கு வழி.

இப்போது இழுப்பறையில் இருக்கும் கருவிகளை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். முனை உருகிய, வெளிறிப் பிசுபிசுத்த, விரலால் தடவினால் பிசிறு தட்டும் பிளாஸ்டிக்கை எடுத்து எறிந்துவிடலாம். அதைச் சரிசெய்ய வழியில்லை. நகம் நுழையும் அளவுக்குத் தழும்பு விழுந்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகையும் அவ்வாறே. மரக்கருவியில் மேலோட்டமான கறையும் சொரசொரப்பும் இருந்தால், உப்புத்தாளால் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் காயவைத்து, எண்ணெயிட்டால் அது பல ஆண்டுகள் உழைக்கும். உணவுத் துணுக்கு நுழையும் அளவுக்கு விரிசல் விட்ட மரக்கரண்டியையும், தேய்த்த பிறகும் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி உள்ளே தெரியும் பலகையையும் வைத்திருக்க வேண்டாம். வார்னிஷ் பூசாத மரமென்றால், அவற்றைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடலாம்.